மு.வ. படைத்த மனிதர்கள்

நாவல் ஒன்றைப் படித்து முடித்துப் பல ஆண்டுகள் ஆனபின் அதன் நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை மறந்துபோகின்றன. ஊர்ப்பெயர்கள் மங்கிவிடுகின்றன. எது முன்னே நடந்தது, எது பின்னே நடந்தது என்பதும் குழம்பிவிடுகிறது. ஆயினும், அந்தக் கதையில் வாழ்ந்த ஒருவரோ இருவரோ நம் மனத்தை விட்டு நீங்குவதில்லை. அவர்களுடைய நன்மையும் தவறும் துன்பமும் நாம் நேரில் அறிந்த ஒருவருடையவை போலத் தோன்றுகின்றன. அவர்களை நினைக்கும்போது எழுத்தாளர் சொல்ல விரும்பிய கருவும் உடன் நினைவுக்கு வருகிறது. கதையின் கருவைச் சுமந்து நிற்பவர்கள் கதைமாந்தர்களே.

இந்த உண்மையை நன்கு உணர்ந்து எழுதியவர் டாக்டர் மு. வரதராசன். மு.வ. என்னும் இரண்டெழுத்தால் தமிழ் உலகம் அவரை அறியும். அவர் பேராசிரியர், ஆராய்ச்சியாளர், திருக்குறளுக்கு எளிய உரை கண்டவர், துணைவேந்தர். இத்தனை பொறுப்புகளுக்கும் இடையே பதின்மூன்று நாவல்களை எழுதினார். தமிழகத்தில் மட்டுமின்றி, மலேசியா, சிங்கப்பூர், இலங்கை ஆகிய நாடுகளில் வாழும் தமிழரும் அந்நாவல்களை விரும்பிப் படித்தனர்.

இளமையும் கல்வியும்

மு.வ. 1912ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த திருப்பத்தூரில் பிறந்தார். தந்தையார் முனுசாமி, தாயார் அம்மாக்கண்ணு. பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் திருவேங்கடம். ஆயினும், தாத்தாவின் பெயராகிய வரதராசன் என்பதே நிலைத்துவிட்டது. வேலம் என்னும் சிற்றூர் அவருடைய முன்னோர் வாழ்ந்த ஊர். அவருடைய இளமை அவ்வூரோடும் திருப்பத்தூரோடும் பிணைந்திருந்தது. வயலும் கிணறும் பாலாற்று மணலும் கொண்ட அந்த வட்டாரம் பிற்காலத்தில் அவருடைய கதைகளுக்குக் களமாக அமைந்தது.

பள்ளிப் படிப்பை முடித்ததும் அவர் திருப்பத்தூர் வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது பதினாறு. நிலையான வருமானம் தரும் அரசாங்க வேலையை அக்காலத்தில் யாரும் எளிதில் விடமாட்டார்கள். ஆனால், உடல்நலம் குன்றியதால் மு.வ. அவ்வேலையை விட்டு விலக நேர்ந்தது. ஓய்வு கொள்ளவேண்டிய அந்தக் காலத்தை அவர் தமிழ் கற்கப் பயன்படுத்திக்கொண்டார். முருகைய முதலியார் என்னும் ஆசிரியரிடம் தமிழ் இலக்கியம் பயின்றார். பின்பு, தாமே நூல்களைப் படித்துத் தேர்வுகளுக்கு ஆயத்தமானார். 1935ஆம் ஆண்டு நடந்த வித்துவான் தேர்வில் மாநிலத்திலேயே முதல்வராகத் தேறினார். அதற்காகத் திருப்பனந்தாள் மடம் அவருக்கு ஆயிரம் ரூபாய் பரிசு வழங்கியது. நோயினால் ஓர் அலுவலகத்தை விட்டு வெளியேறிய இளைஞர், அந்நோயின் பயனாகவே தமிழுக்குக் கிடைத்தார் எனலாம்.

அதே ஆண்டில் அவர் இராதா அம்மையாரை மணந்தார். திருப்பத்தூர் நகராண்மை உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராகப் பணியாற்றினார். 1939ஆம் ஆண்டு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். சில ஆண்டுகளிலேயே அக்கல்லூரியின் தமிழ்த்துறைத் தலைவராக உயர்ந்தார். பணியில் இருந்துகொண்டே மேற்படிப்பையும் தொடர்ந்தார். சங்க இலக்கியத்தில் இயற்கை எவ்வாறு இடம்பெறுகிறது என்பதை ஆராய்ந்து, 1948ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். கல்லூரிக்குச் சென்று படிக்க வாய்ப்பில்லாமல் வீட்டிலிருந்தே தமிழ் கற்ற ஒருவர் இந்நிலையை அடைந்தது பலருக்கும் ஊக்கம் தந்தது.

பழந்தமிழ் தந்த பாடம்

மு.வ. நாவல் எழுதத் தொடங்கியபோது அவருக்கு முன்னால் இரண்டாயிரம் ஆண்டு இலக்கிய மரபு ஒன்று இருந்தது. கதைமாந்தரைப் படைக்கும் கலை மேலைநாட்டு நாவலோடு தமிழுக்கு வந்ததன்று. சங்க அகப்பாடல்களில் வரும் மாந்தரை எண்ணிப் பாருங்கள். அங்கே தலைவன் உண்டு, தலைவி உண்டு, தோழி, செவிலி, நற்றாய் ஆகியோரும் உண்டு. அவர்களில் எவருக்கும் பெயர் இல்லை. அகப்பாடல்களில் மாந்தரின் இயற்பெயரைச் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த மரபு. பெயர் இல்லாத காரணத்தால் அந்த உணர்வு ஓர் ஊருக்கோ ஒரு குடும்பத்துக்கோ உரியதாகச் சுருங்காமல் அனைவருக்கும் பொதுவாகிறது. தோழி என்றவுடன் அறிவும் நயமான பேச்சும் நட்பும் ஒன்றுசேர்ந்த ஒருத்தி நம் கண்முன் நிற்கிறாள். அவள் யாருடைய மகள் என்பது நமக்குத் தேவைப்படுவதில்லை.

காப்பியங்களில் நிலைமை வேறு. அங்கே மாந்தருக்குப் பெயரும் குலமும் ஊரும் உண்டு. ஒருவரின் இயல்பு மற்றவரின் இயல்போடு மோதும்போது கதை பிறக்கிறது. சிலப்பதிகாரத்தை மு.வ. பெரிதும் போற்றினார். அக்காப்பியத்தின் இரு பெண்களைப் பற்றிக் கண்ணகி, மாதவி என்னும் தலைப்புகளில் தனித்தனி நூல்கள் எழுதினார். ஒரு காப்பியத்தைப் புரிந்துகொள்ள அதன் மாந்தரை ஒவ்வொருவராக அணுகவேண்டும் என்பதை இந்நூல்களின் அமைப்பே காட்டுகிறது.

புகாரில் வாழும் கண்ணகி அதிகம் பேசாதவள். கணவன் பிரிந்தபோதும் தன் துயரைப் பிறரிடம் சொல்லிப் புலம்பாதவள். கணவனை மீண்டும் அடைவதற்காகப் பொய்கைகளில் நீராடித் தெய்வத்தைத் தொழலாம் என்று தோழி தேவந்தி கூறும்போது, அது தனக்குத் தகுதியன்று என மறுத்துவிடுகிறாள். அதே கண்ணகிதான் மதுரையில் அரசவை ஏறி, சிலம்பை உடைத்து, மன்னனின் தவற்றை எண்பிக்கிறாள். அமைதியே உருவான ஒருத்தியின் சினம் என்பதால்தான் அச்சினம் நம்மை நடுங்க வைக்கிறது. தொடக்கம் முதலே அவளைச் சினம் மிக்கவளாகக் காட்டியிருந்தால், மன்னன் நீதி தவறிய கொடுமை இவ்வளவு ஆழமாக நம் மனத்தில் பதிந்திருக்காது.

மாதவியின் நிலையும் எண்ணத்தக்கது. அவள் ஆடல் மகளிர் குடியில் பிறந்தவள். ஆயினும், கோவலன் ஒருவனிடமே மனம் வைத்தாள். கடற்கரையில் அவள் பாடிய பாடலுக்கு அவன் வேறு பொருள் கொண்டு பிரிந்தான். அவன் இறந்த செய்தி அறிந்ததும் அவள் துறவு பூண்டாள். தன் மகள் மணிமேகலையையும் அவ்வழியிலேயே செலுத்தினாள். ஒருவரின் உயர்வு பிறப்பினால் அமைவதில்லை என்னும் கருத்தை இளங்கோவடிகள் மாதவியின் வாழ்க்கையாகவே காட்டிவிட்டார்.

இவ்வாறு பழைய இலக்கியத்தை மாணவர்க்குக் கற்பித்துவந்த பேராசிரியர் மு.வ., நாவலாசிரியராகவும் ஆனார். கதைமாந்தரை ஆராய்ந்த கை, கதைமாந்தரைப் படைக்கத் தொடங்கியது.

நாவலாசிரியர் மு.வ.

மு.வ.வின் முதல் நாவல் செந்தாமரை. அது 1946ஆம் ஆண்டு வெளிவந்தது. புதிய எழுத்தாளர் ஒருவரின் நூலை வெளியிடப் பதிப்பாளரைத் தேடி அலையாமல், அவரே அதனை அச்சிட்டு வெளியிட்டார். அடுத்து வந்த கள்ளோ காவியமோ என்னும் நாவல் அவருக்குப் புகழைத் தேடித் தந்தது. பாவை, மலர்விழி, பெற்ற மனம், அல்லி, கரித்துண்டு, நெஞ்சில் ஒரு முள், மண்குடிசை, வாடா மலர் எனப் பல நாவல்கள் தொடர்ந்து வெளிவந்தன. பெற்ற மனம் 1960ஆம் ஆண்டு திரைப்படமாகவும் எடுக்கப்பட்டது.

அக்கால வாசகர்கள் பெரும்பாலும் இதழ்களில் வெளிவந்த தொடர்கதைகளையே படித்துவந்தனர். வீர வரலாறும் விறுவிறுப்பான திருப்பங்களும் அவர்களை ஈர்த்தன. மு.வ. அந்த வழியில் செல்லவில்லை. அவருடைய கதைகளில் மன்னர்கள் இல்லை. மறைந்திருக்கும் புதையல் இல்லை. தேர்வில் தோற்ற மாணவன், வேலை தேடும் இளைஞன், வரதட்சணைக்குப் பயப்படும் தந்தை, பிறர் வீட்டில் வேலை செய்யும் பெண் முதலியோரே அவருடைய மாந்தர்கள். அவர்களுக்கு நல்ல தமிழ்ப் பெயர்களைச் சூட்டினார். அவர்கள் பேசும் மொழியையும் எளிய, தூய தமிழாக அமைத்தார்.

ஒவ்வொரு நாவலுக்கும் அவர் ஒரு வாழ்க்கைச் சிக்கலைத் தேர்ந்தெடுத்தார். அச்சிக்கலை நேரே விளக்காமல், அதில் அகப்பட்ட மனிதரை நம்முன் நிறுத்தினார். கள்ளோ காவியமோ நாவலில் அருளப்பன், மங்கை என்னும் இருவரும் தத்தம் பக்கத்தைக் கூறுகின்றனர். ஒரே நிகழ்ச்சி இருவர் மனத்திலும் வெவ்வேறு விதமாகப் பதிந்திருப்பதை வாசகர் காண்கிறார். கணவன் மனைவிக்கு இடையே பிணக்கு எப்படி முளைக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. கரித்துண்டு நாவலில், கால் ஊனமுற்ற ஓவியன் ஒருவன் நடைபாதையில் கரித்துண்டால் படம் வரைந்து வாழ்கிறான். மதிப்பற்ற கரித்துண்டு அவன் கையில் கலையாகிறது. உடல் குறைந்தாலும் கலையும் தன்மானமும் குறைவதில்லை என்னும் கரு அந்த மனிதனின் உருவத்திலேயே அடங்கிவிடுகிறது.

கட்டுரை எழுதும்போதும் மு.வ. மாந்தரைப் படைத்தே எழுதினார் என்பது வியப்புக்குரியது. அன்னைக்கு, தம்பிக்கு, தங்கைக்கு, நண்பர்க்கு ஆகிய நூல்கள் கடித வடிவில் அமைந்தவை. மொழிப்பற்றும் ஒழுக்கமும் சமுதாயக் கடமையும் அவற்றின் பொருள். அவற்றை ஒரு பேராசிரியரின் சொற்பொழிவாக எழுதியிருக்கலாம். ஆனால், மு.வ. வளவன் என்னும் ஓர் அண்ணனைப் படைத்தார். எழில் என்னும் ஒரு தம்பியைப் படைத்தார். அண்ணன் தம்பிக்கு எழுதும் கடிதமாக இருந்ததால், அறிவுரையும் அன்பாக மாறியது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் தங்களையே அந்தத் தம்பியாக எண்ணிக்கொண்டு படித்தனர்.

அகல் விளக்கு

மு.வ.வின் நாவல்களுள் மிகவும் பேசப்படுவது அகல் விளக்கு. 1958ஆம் ஆண்டு வெளிவந்த இந்நாவலுக்கு 1961ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. பாத்திரப்படைப்பின் வழியாகக் கருவை வளர்க்கும் முறைக்கு இதனைச் சிறந்த சான்றாகக் கொள்ளலாம்.

சந்திரன், வேலய்யன் ஆகிய இருவரும் நண்பர்கள். பாலாற்றங்கரையில் உள்ள வாலாசாப்பேட்டையில் கதை தொடங்குகிறது. அருகிலுள்ள பெருங்காஞ்சி என்னும் சிற்றூரிலிருந்து சந்திரன் படிப்பதற்காக அங்கு வருகிறான். அவன் அழகன், அறிவுக்கூர்மை மிக்கவன், வசதியான குடும்பத்தைச் சேர்ந்தவன். ஆசிரியர்கள் அவனைப் பாராட்டுகின்றனர். தெருவில் உள்ளவர்கள் அவனை விரும்புகின்றனர். வேலய்யனிடம் இச்சிறப்புகள் இல்லை. தோற்றத்திலும் படிப்பிலும் அவன் நடுத்தரமானவன். எதையும் முயன்றுதான் பெறவேண்டும் என்னும் நிலை அவனுக்கு.

இருவரும் வளர்கின்றனர். கல்லூரியில் படிக்கும்போது இமாவதி என்னும் பெண் சந்திரனிடம் நட்போடு பழகுகிறாள். அவன் அதனைக் காதல் என்று எண்ணிக்கொள்கிறான். அவளுக்கு வேறொருவரோடு திருமணம் என்று அறிந்ததும் அவன் மனம் உடைந்துபோகிறது. படிப்பைக் கைவிட்டு, யாரிடமும் சொல்லாமல் நீலகிரிப் பக்கம் சென்றுவிடுகிறான். அதன்பின் அவன் வாழ்க்கை ஒவ்வொரு படியாகக் கீழே இறங்குகிறது. அவனைத் தேடி அழைத்துவந்தும், குடும்ப வாழ்க்கை அமைத்துத் தந்தும் அவன் மனம் நிலைகொள்ளவில்லை. முடிவில் கொடிய நோய்க்கு ஆளாகி இறக்கிறான். வேலய்யனோ படிப்பை முடித்து, ஒரு வேலையில் அமர்ந்து, கயற்கண்ணியை மணந்து அமைதியாக வாழ்கிறான்.

அறிவும் அழகும் மட்டும் ஒருவனைக் காப்பாற்றமாட்டா; மனத்தை அடக்கி ஆளும் பண்பு வேண்டும் என்பதே இந்நாவலின் கரு. இதனை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். ஆனால், அந்த ஒரு வாக்கியத்தைப் படித்து யாரும் கண்ணீர் விடுவதில்லை. சந்திரனைப் பற்றிப் படிக்கும்போது கண் கலங்குகிறது. அதற்கு மு.வ. கையாண்ட முறைகளை நாம் கூர்ந்து நோக்கவேண்டும்.

முதலாவது, கதையைச் சொல்பவன் யார் என்னும் தேர்வு. சந்திரனின் கதையைச் சந்திரனே சொல்லியிருந்தால், தன் தவறுகளுக்கெல்லாம் அவன் காரணம் தேடியிருப்பான். ஆசிரியரே சொல்லியிருந்தால், ஒரு நீதிபதி தீர்ப்பு வழங்குவது போல் இருந்திருக்கும். மு.வ. அப்பொறுப்பை வேலய்யனிடம் ஒப்படைத்தார். வேலய்யன் சந்திரனை இளமை முதல் நேசித்தவன். அவன் அழகையும் அறிவையும் கண்டு வியந்தவன். அவன் கண்களால் நாமும் சந்திரனை முதலில் விரும்பத் தொடங்குகிறோம். விரும்பிய ஒருவன் வீழ்வதைக் காணும்போது வெறுப்பு எழுவதில்லை, இரக்கமே எழுகிறது. கரு அறிவுரையாக வராமல் இழப்பாக வந்து சேர்கிறது.

இரண்டாவது, இரு பாத்திரங்களுக்கும் உள்ள முரண். இருட்டின் அருகே ஒளி வைக்கப்படும்போது இரண்டும் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால், மு.வ. சந்திரனை முழுத் தீயவனாகவும் வேலய்யனைக் குறையே இல்லாதவனாகவும் படைக்கவில்லை. சந்திரனிடம் தாராள மனம் உண்டு; நண்பனிடம் அன்பு உண்டு. அவனுடைய சிறப்புகளே அவனுக்குச் செருக்கைத் தருகின்றன. எல்லோரும் தன்னை விரும்புவர் என்று பழகிப்போனவனுக்கு, ஒருவர் விரும்பவில்லை என்பதைத் தாங்கும் வலிமை இல்லாமல் போகிறது. எளிதாக எல்லாம் கிடைத்துவந்ததே அவனுக்குப் பகையாகிறது. மறுபுறம், வேலய்யன் சிறு வயது முதல் தோல்வியோடு பழகியவன். தோற்றால் மீண்டும் முயலவேண்டும் என்பது அவனுக்கு இயல்பாகிவிடுகிறது.

மூன்றாவது, தலைப்பாக அமைந்த உருவகம். பெரிதாக எரியும் சுடர் கண்ணைக் கவர்கிறது. ஆனால், காற்றில் அலைந்து விரைவில் அணைந்துபோகிறது. அகல் விளக்கின் சுடர் சிறியது; அளவாக எண்ணெய் உண்டு, அளவாக ஒளி தந்து, இரவு முழுவதும் வீட்டைக் காக்கிறது. சந்திரனையும் வேலய்யனையும் அறிந்த வாசகருக்கு இவ்வுருவகத்தின் பொருள் சொல்லாமலே விளங்கிவிடுகிறது.

துணைப் பாத்திரங்களும் வெறுமனே வந்துபோகவில்லை. நட்புக்கும் காதலுக்கும் உள்ள வேறுபாட்டை இமாவதி வழியாக மு.வ. எடுத்துக்காட்டுகிறார். ஆணும் பெண்ணும் கல்லூரியில் சேர்ந்து படிக்கும் நிலை தமிழகத்தில் பரவிவந்த காலம் அது. ஒரு பெண் சிரித்துப் பேசினாள் என்பதற்காக அவள் மனத்தைத் தானே முடிவுசெய்துகொள்ளும் ஆணின் தவற்றை இங்கே காண்கிறோம். சந்திரனின் தங்கை கற்பகத்தை மணக்கும் மாலன் வேறொரு வகை. அவன் சோதிடத்தையும் குருட்டு நம்பிக்கைகளையும் பற்றிக்கொண்டு தன் உழைப்பை நம்பத் தவறுகிறான். சந்திரன் உணர்ச்சிக்கு அடிமை. மாலன் மூடநம்பிக்கைக்கு அடிமை. இருவரையும் பார்த்தபின் வேலய்யனின் எளிய நேர்மை இன்னும் ஒளி பெறுகிறது.

பாத்திரமா, ஆசிரியரின் குரலா?

மு.வ.வின் நாவல்களைத் திறனாய்ந்த சிலர் அவற்றில் ஒரு குறையையும் சுட்டினர். அவருடைய மாந்தர்கள் சில இடங்களில் நீண்ட விவாதங்களில் ஈடுபடுகின்றனர். அப்போது அவர்கள் தங்கள் இயல்பில் பேசாமல், ஆசிரியரின் கருத்தை ஒப்பிப்பவர்களாக ஆகிவிடுகின்றனர் என்பது அவர்கள் கருத்து. மாணவனும் வேலைக்காரியும் பேராசிரியரும் ஒரே வகைத் தமிழில் பேசுவதும் அவர்களுக்கு இயற்கையாகத் தோன்றவில்லை.

இக்கருத்தில் உண்மை உண்டு. மு.வ. நாவலை இளைஞரை நெறிப்படுத்தும் கருவியாகவும் கருதினார். திரு.வி.க., காந்தியடிகள், தாகூர், பெர்னாட்சா ஆகியோரின் வாழ்க்கை வரலாறுகளை எழுதியவர் அவர். அந்நால்வரும் எழுத்தைச் சமுதாயத் தொண்டாக எண்ணியவர்கள். அவர்களைப் போற்றிய ஒருவர், கதையிலும் கருத்துக்கு முதலிடம் தந்ததில் வியப்பில்லை.

ஆனால், இதே நாவல்கள் நமக்கு ஒரு நல்ல பாடத்தையும் தருகின்றன. மு.வ.வின் மாந்தருள் வாசகர் மனத்தில் நெடுங்காலம் நிற்பவர் யார் என்று பார்த்தால், சரியான கருத்துகளை நீளமாகப் பேசியவர்கள் அவ்வளவாக நினைவில் இல்லை. தவறு செய்து, வருந்தி, திருந்த முடியாமல் போன சந்திரன் நிற்கிறான். அவன் அறிவுரை எதுவும் சொல்வதில்லை. வாழ்ந்து காட்டுகிறான், அவ்வளவுதான். ஆசிரியர் தம் கருத்தைப் பாத்திரத்தின் வாயில் வைக்கும்போது நாம் அதனைக் கேட்கிறோம். பாத்திரத்தின் வாழ்வில் வைக்கும்போது நாம் அதனை உணர்கிறோம். கேட்டது மறந்துபோகலாம். உணர்ந்தது எளிதில் மறப்பதில்லை.

சிலப்பதிகாரத்தைப் படிக்கும்போதும் இதனைக் காணலாம். நீதி தவறிய அரசன் அழிவான் என்பதை உடைந்த சிலம்போடு நிற்கும் கண்ணகியின் உருவம் நமக்கு உணர்த்துகிறது. அவளைப் பற்றி நூல் எழுதிய மு.வ., தம் சிறந்த நாவலில் அதே வழியைப் பின்பற்றினார் என்று கொள்வது பொருத்தமாகும்.

நிறைவான வாழ்வு

மு.வ.வின் வேறொரு பணியையும் இங்குக் குறிப்பிடவேண்டும். 1949ஆம் ஆண்டு அவர் எழுதிய திருக்குறள் தெளிவுரை வெளிவந்தது. பரிமேலழகர் உரையைப் படித்துப் புரிந்துகொள்ள இயலாதவர்களும் குறளின் பொருளை அறிய அச்சிறு நூல் வழிசெய்தது. சட்டைப்பையில் அடங்கும் அளவில் வெளிவந்த அந்நூல் கணக்கற்ற பதிப்புகளைக் கண்டது. இன்றும் பல தமிழ் வீடுகளில் திருக்குறள் என்றால் மு.வ. உரையே முதலில் கைக்கு வருகிறது. கடினமானதை எளிதாக்கிச் சொல்லும் இந்த ஆற்றலே அவருடைய நாவல்களின் நடையிலும் விளங்குகிறது.

1961ஆம் ஆண்டு மு.வ. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைக்குச் சென்றார். பத்து ஆண்டுகள் அங்குப் பணியாற்றினார். 1971ஆம் ஆண்டு மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் பொறுப்பேற்றார். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் ஊஸ்டர் கல்லூரி அவருக்கு இலக்கியப் பேரறிஞர் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது. அதே ஆண்டில் அவர் சாகித்திய அகாதெமிக்காக எழுதிய தமிழ் இலக்கிய வரலாறு என்னும் நூலும் வெளிவந்தது.

இவ்வளவு உயர்ந்தபின்பும் அவருடைய எளிமை மாறவில்லை. அவர் அதிகம் பேசாதவர். மென்மையான குரலை உடையவர். ஆரவாரமான மேடைகளையும் புகழுரைகளையும் விரும்பாதவர். ஏழை மாணவர் பலருக்கு வழிகாட்டியாக விளங்கினார். 1974ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள், தமது அறுபத்திரண்டாம் வயதில் காலமானார்.

வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தராகத் தொடங்கிய வாழ்க்கை துணைவேந்தர் இருக்கை வரை சென்றது. அந்த ஏற்றம் ஒரே நாளில் நிகழவில்லை. உடல்நலக் குறைவு, வாய்ப்பின்மை முதலிய தடைகளைப் பொறுமையாகக் கடந்து, ஒவ்வொரு தேர்வாக எழுதி, ஒவ்வொரு நூலாகப் படைத்து அவர் உயர்ந்தார். வேலய்யனைப் படைத்த எழுத்தாளருக்கு அத்தகைய வாழ்வு கற்பனையால் மட்டும் தெரிந்ததன்று. சந்திரனின் அறிவும் ஒளியும் எவ்வளவு கவர்ச்சியானவை என்பதையும் அவர் அறிந்திருந்தார். கல்லூரியில் அத்தகைய மாணவர்களை ஆண்டுதோறும் கண்ட ஆசிரியர் அல்லவா அவர்!

இனி ஒரு நாவலைக் கையில் எடுக்கும்போது, அதன் கரு எது என்று முதலிலேயே தேடவேண்டியதில்லை. அங்கு வாழும் மனிதர் யார் என்று முதலில் பார்க்கலாம். அவர் என்ன செய்கிறார், என்ன பேசுகிறார், எதைச் சொல்லாமல் மறைக்கிறார், மற்றவர் அவரைப் பற்றி என்ன எண்ணுகின்றனர், துன்பம் வரும்போது எப்படி நடந்துகொள்கிறார் என்று கவனிக்கலாம். அந்த மனிதரை நன்கு அறிந்தபின், கரு தானாகவே நம் முன் வந்து நிற்கும்.

சிந்தித்துக் கூறுக

1. மு.வ. பழந்தமிழ் இலக்கியம் கற்றதும் கற்பித்ததும் அவருடைய நாவல்களுக்கு எவ்வாறு துணைபுரிந்திருக்கக்கூடும்?
2. அகல் விளக்கு நாவலின் கதையை வேலய்யன் கூறாமல் இமாவதி கூறியிருந்தால், சந்திரனைப் பற்றிய உமது எண்ணம் எவ்வாறு மாறியிருக்கும்?
3. கருத்தைப் பாத்திரத்தின் வாயில் வைப்பதற்கும் பாத்திரத்தின் வாழ்வில் வைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை, நீர் படித்த வேறொரு கதையைச் சான்றாகக் கொண்டு விளக்குக.
4. உமக்குத் தெரிந்த இரு முரண்பட்ட பாத்திரங்களைத் தேர்ந்தெடுத்து, அவை கதையின் கருவை எவ்வாறு தெளிவாக்குகின்றன என்று நண்பர்களுடன் கலந்துரையாடுக.